தேர்வுக்கு முன் எதை வேண்டலாம்?

காரைக்கால் கோவில்பத்தில் உள்ள பார்வதீசுவரர் கோயில் பாடல் பெற்ற தலம். திருத்தெளிச்சேரி என்பது அதன் பழைய பெயர். திருஞானசம்பந்தர் அதன்மேல் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. இந்த வட்டாரத்துக் கோயில்களில் தேர்வுக் காலம் வந்தால் அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு ஒரு பேனாவும் சேரும், சில தட்டுகளில் ஹால் டிக்கெட்டும் சேரும். இன்னும் உறுதி வேண்டுவோர் பூந்தோட்டம் பக்கத்துக் கூத்தனூர் சரஸ்வதியிடம் போகிறார்கள். சாதகத்தில் சனி சரியில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் திருநள்ளாறு இருக்கவே இருக்கிறது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, படிக்காமல் பேனாவுக்குப் பூசை போட்டு என்ன பயன் என்று கேட்கும். மற்றது, நம்பிக்கை உள்ளவர்கள் கும்பிடுகிறார்கள், உங்களுக்கு என்ன நட்டம் என்று கேட்கும். கும்பிடலாமா கூடாதா என்பதோடு இரு கட்சியின் பேச்சும் முடிந்துவிடுகிறது. கும்பிடுகிறவர் எதைக் கேட்கிறார், கேட்ட பொருள் கேட்கத் தகுந்ததுதானா என்பதை யாரும் விசாரிப்பதில்லை. சமயத்தின் உள்ளே நின்றாலும் வெளியே நின்றாலும் விசாரிக்க வேண்டிய கேள்வி அதுதான். தேர்வைப் பொறுத்தவரை கேட்கத் தகுந்தவை சில உண்டு, தகாதவை சில உண்டு, இரண்டையும் பிரிக்கும் கோடு நம் பக்தி இலக்கியத்திலேயே தெளிவாகக் கிடக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வாதத்துக்கு ஆங்கிலத் தேர்வை எடுத்துக்கொள்வோம். நீட் போன்ற பெரிய தேர்வுகளின் ஆரவாரத்தில் இது கண்ணில் படுவதில்லை. ஆனால் பட்டப் படிப்பில் தடுக்கி விழுபவர்கள் பலர் தங்கள் முதன்மைப் பாடத்தில் விழுவதில்லை, ஆங்கிலத் தாளில்தான் விழுகிறார்கள். வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர் ஆங்கில அரியரைச் சுமந்துகொண்டு மூன்றாம் ஆண்டு வரை வருவது நம் கலைக் கல்லூரிகளில் அதிசயம் இல்லை. இது நம் ஊர்ச் சங்கடம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சீனாவில் 1987இல் கல்லூரி மாணவர்களுக்கென நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வு ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஆறாம் நிலைத் தேர்வும் வந்தது. இன்று ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும், ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு உட்காருகிறார்கள். மொத்தம் 710, அதில் 425 எடுத்தால்தான் ஆறாம் நிலைக்குப் போகலாம். கேட்டலுக்கு 35 விழுக்காடு, வாசிப்புக்கு 35, கட்டுரைக்கு 15, மொழிபெயர்ப்புக்கு 15. பொறியாளராகப் போகிறவரும் கணக்கராகப் போகிறவரும் இந்த வாசலைக் கடக்க வேண்டியிருக்கிறது. அங்கேயும் தேர்வுக்கு முன் கன்பூசியஸ் கோயில்களில் மாணவர்கள் சிவப்பு வேண்டுதல் அட்டைகளைக் கட்டுகிறார்கள். கடவுள் மறுப்பைக் கொள்கையாகக் கொண்ட கட்சி ஆளும் நாட்டில் 2023இல் பெய்ஜிங்கின் யோங்ஹே கோயில் இளைஞர்களால் நிரம்பி வழிந்தது செய்தியானது. சப்பானில் மிச்சிசானே என்ற ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞரே கல்விக் கடவுளாகி, தசாய்ஃபு கோயிலில் தேர்வர்களின் மரப்பலகை வேண்டுதல்களை ஏற்றுக்கொண்டிருக்கிறார். தேர்வு வைக்கும் சமூகம் எதுவானாலும் அதன் பக்கத்தில் ஒரு வேண்டுதல் மரபும் வளர்ந்துவிடுகிறது.

காரைக்காலுக்கு இந்த மொழி வாசல் புதிதும் இல்லை. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் இது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான ஒப்படைப்பு முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் சோறு போட்ட அந்நிய மொழி பிரெஞ்சு. பிரெஞ்சு தெரிந்தவருக்குச் சைகோனில் அலுவலக வேலை, காவல் வேலை, வரி வசூல் வேலை என்று கதவுகள் திறந்தன. தெரியாதவருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியவில்லை. இப்போது அந்த இடத்தில் ஆங்கிலம். உள்ளூர்க் கல்லூரியின் ஆங்கிலத் தாள், வேலைக்கான நேர்முகம், வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் என்று அதே வாசல் பல உருவில் நிற்கிறது. ஒரு மொழியைக் கற்பதன் இன்பத்துக்காக இந்த வாசலில் நிற்பவர் சிலர். குடும்பத்தின் கடனுக்காக, தங்கையின் திருமணத்துக்காக, முதல் தலைமுறைப் பட்டத்துக்காக நிற்பவர்களே மிகுதி. ஆகவே இங்கே எழும் வேண்டுதலை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நேர்மையாகாது. அந்த வேண்டுதலுக்குப் பின்னால் உண்மையான தேவை இருக்கிறது. தேவை உண்மையானது என்பதாலேயே கேட்பதெல்லாம் நியாயமாகிவிடாது என்பதும் உண்மை.

முதல் பிரிவினையைத் தேர்வின் அமைப்பிலிருந்தே எடுக்கலாம். சில தேர்வுகளில் இடம் எண்ணிக்கையிட்டது. காரைக்காலில் ஜிப்மர் கிளை இருக்கிறது, திருவேட்டக்குடியில் என்ஐடி இருக்கிறது; இரண்டிலும் நுழையத் தரவரிசை வேண்டும். தரவரிசையில் ஒருவர் ஒரு படி ஏறினால் இன்னொருவர் ஒரு படி இறங்கியே ஆக வேண்டும். மொழித் தேர்வின் அமைப்பு வேறு. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நூறு பேர் 7 எடுத்தால் நூறு பேருக்கும் 7தான். சீனத் தேர்வில் மதிப்பெண்ணை ஒரு மாதிரிக் குழுவோடு ஒப்பிட்டுத்தான் கணக்கிடுகிறார்கள் என்றாலும், அந்தக் குழு முன்கூட்டியே வகுத்து வைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் நன்றாக எழுதியதால் நம் மதிப்பெண் குறைந்துவிடாது. நம் ஆங்கிலத் தாளிலும் தேறுவோர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. இந்த வேறுபாடு வேண்டுதலின் அறத்தையே மாற்றுகிறது. ஆங்கிலத் தாளில் தேற வேண்டும் என்று கேட்பவர் யாரையும் தள்ளிவிட்டு முன்னேறக் கேட்கவில்லை. எனக்கு இந்தத் தரவரிசை எண் வேண்டும் என்று கேட்பவரோ, வாயால் சொல்லாவிட்டாலும், இன்னொரு வீட்டுப் பிள்ளை கீழே இறங்க வேண்டும் என்று கேட்கிறார். அந்தப் பிள்ளையின் தாயும் அதே நேரத்தில் வேறொரு சன்னிதியில், ஏன் அதே சன்னிதியில், கைகூப்பி நிற்கக்கூடும். இருவருக்கும் பொதுவான ஒரு தெய்வத்தை நம்பிக்கொண்டே ஒருவருக்கு எதிராக இன்னொருவர் பக்கம் சாயுமாறு அதைக் கேட்பது, அந்தத் தெய்வத்தின் பொதுமையை மறுப்பதாகும்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். நான் என் நன்மையைத்தான் கேட்டேன், பிறர் கெடுதியைக் கேட்கவில்லையே என்பார்கள். கேட்பவர் உள்ளத்தில் கெடுதி இல்லை என்பது சரி. ஆனால் ஒன்று நடந்தால் மற்றது கட்டாயம் நடக்கும் என்று தெரிந்த இடத்தில், முதலாவதை மட்டும் கேட்டேன் என்பது சமாதானமே தவிர விடையாகாது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. மொழித் தேர்வில் எல்லோரும் தேறலாம், சரி. தேறிய பிறகு வேலைகள் எண்ணிக்கையிட்டவைதானே, போட்டி சற்றுத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். தள்ளிப்போவதுதான் முக்கியம். நான் ஆங்கிலம் கற்றுக்கொண்டதால் உலகத்தில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவர் கூடுகிறார். அது யாரிடமிருந்தும் பறித்தது ஆகாது. பின்னால் வரும் வேலைப் போட்டியில் நான் என்ன கேட்கிறேன் என்பது தனியாக விசாரிக்க வேண்டிய கேள்வி. இன்று கேட்கும் வேண்டுதலுக்கு நாளைய போட்டியின் பழியை ஏற்ற வேண்டியதில்லை.

ஆனால் எண்ணிக்கை வரம்பு இல்லாத தேர்வில் எதையும் கேட்கலாம் என்றும் ஆகிவிடாது. இங்கே இரண்டாவது பிரிவினை வேண்டும். மதிப்பெண் என்பது என்ன? அது மாணவருக்குக் கொடுக்கும் பரிசு என்று நாம் பழகிவிட்டோம். அதன் உண்மையான வேலை வேறு. மூன்றாம் மனிதர் ஒருவருக்கு, இவருக்கு இந்த அளவு மொழி தெரியும் என்று சொல்லும் சாட்சியம் அது. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற ஐஇஎல்டிஎஸ் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை நம்பித்தான் ஒரு நோயாளி தன் கையை நீட்டுகிறார். இரவுப் பணியில் மருத்துவர் தொலைபேசியில் சொல்லும் மருந்தளவைச் சரியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் திறன் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது என்று மருத்துவமனை நம்புகிறது. இப்போது, 5.5 அளவுக்கே மொழி தெரிந்த ஒருவர் 7 வேண்டும் என்று வேண்டிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். வேண்டுதல் அப்படியே பலித்தால் என்ன நடந்ததாகப் பொருள்? அவருக்கு மொழி வரவில்லை, சான்றிதழ் மட்டும் வந்தது. அதாவது ஒரு பொய்ச்சாட்சி உருவானது, அதுவும் தெய்வத்தின் கையெழுத்தோடு. நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொல்ல அருள் செய் என்று எந்தப் பக்தரும் அர்ச்சனை செய்ய மாட்டார். தகுதிக்கு மேற்பட்ட மதிப்பெண்ணைக் கேட்பதும் அதே வகைதான். காகிதம் வேறு என்பதால் நமக்கு அது உறைக்கவில்லை.

இப்படிப் பார்த்தால் கோயிலுக்குப் போகாதவர்களும் தப்ப முடியாது. ஆங்கிலத் தேர்வுத் தயாரிப்பில் நாம் நம்பும் பல பொருள்கள் இதே வரத்தைத்தான் கேட்கின்றன. வரப்போகும் கேள்வி இன்னின்னது என்று ஊகித்து அச்சடித்த கைடு, எந்தத் தலைப்புக்கும் பொருந்துமாறு முன்கூட்டியே கட்டி வைத்த கட்டுரை, முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மனப்பாடம் செய்துகொண்டு நடுவில் மட்டும் சொற்களை மாற்றும் வித்தை, எல்லாமே மொழி வராமல் மதிப்பெண் மட்டும் வர வழி தேடுபவை. சீனத் தேர்வுக்கான கட்டுரை அச்சுகளும் நம் கடைத்தெருக் கைடுகளும் இந்த விஷயத்தில் ஒரே குடும்பம். கோயிலில் அர்ச்சனை செய்பவரைக் கேலி செய்துவிட்டு, படிக்காத பாடத்துக்குத் தேர்வுக்கு முதல் நாள் முக்கிய வினாக்களைத் தேடி அலைபவர் பகுத்தறிவுவாதி ஆகிவிட மாட்டார். அவர் வேறொரு தெய்வத்திடம் அதே பொய்ச்சாட்சியைக் கேட்கிறார். ஆகவே பிரச்சினை பக்தியில் இல்லை. கேட்கும் பொருளில் இருக்கிறது.

பக்தி மரபு முழுவதும் கேட்பதுதானே, அடியார்கள் கேட்காத பொருள் உண்டா என்று ஒருவர் காரைக்கால் அம்மையாரையே சாட்சிக்கு அழைக்கலாம். நியாயமான அழைப்பு. கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்குப் படைத்துவிட்டார் புனிதவதி என்ற அம்மையார். மீதி ஒன்றை உண்ட கணவன் இன்னொன்றும் கேட்டபோது கைபிசைந்து நின்று இறைவனை நினைத்தார். கையில் ஒரு கனி வந்தது. ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் மாங்கனித் திருவிழா கொண்டாடுவது இந்த நிகழ்ச்சியைத்தான். மேலோட்டமாகப் பார்த்தால் இது இக்கட்டில் மாட்டிக்கொண்டவர் அதிலிருந்து தப்பக் கேட்ட வரம். தேர்வு மண்டபத்தில் நிற்கும் மாணவரின் நிலையும் அதுதானே என்று தோன்றும். பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதையைக் கடைசிவரை பின்தொடர்ந்தால் வேறு தெரிகிறது. இக்கட்டு சோம்பலால் வரவில்லை, கொடுத்ததால் வந்தது. வந்த கனி யாரிடமிருந்தும் எடுத்ததும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கனி எங்கிருந்து வந்தது என்று கணவன் கேட்டதும் அவர் மறைக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். சொன்ன உண்மையின் விலையும் பெரிது: கணவன் பரமதத்தன் அவரைத் தெய்வமாகக் கண்டு அஞ்சி விலகினான், இல்லறம் முறிந்தது. வரத்தைப் பெற்றவர் அந்த வரத்தைப் பற்றிப் பொய் சொல்ல மறுத்தார். பிறகு கயிலையில் இறைவனே என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் கேட்டவை: நீங்காத அன்பு, பிறவாமை, பிறக்க நேர்ந்தால் மறவாமை, ஆடும் திருவடியின்கீழ்ப் பாடிக்கொண்டு இருத்தல். நான்கில் எதுவும் இன்னொருவரைத் தள்ளிவிட்டுப் பெறுவது இல்லை. எதுவும் தம்மிடம் இல்லாத தகுதியை இருப்பதாகக் காட்டுவதும் இல்லை. அம்மையார் என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சி ஆக மாட்டார்.

இன்னொரு கதை கூத்தனூருக்கு அருகிலேயே நடந்ததாக மரபு சொல்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம். சம்பந்தருக்கும் அப்பருக்கும் அடியார்களுக்குச் சோறிட இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு வைத்தார். அப்பரின் காசு கடைத்தெருவில் அப்படியே செல்லுபடியாயிற்று. சம்பந்தரின் காசுக்கு வாசி கேட்டார்கள், அதாவது மாற்றுக் குறைவு என்று வட்டம் பிடித்தார்கள். அதனால் சம்பந்தர் மடத்தில் உலை ஏறத் தாமதமாயிற்று. காரணம் கேட்டபோது, அப்பர் கையால் திருப்பணி செய்கிறவர், உழவாரம் பிடிக்கிறவர், அதனால் அவர் காசு நற்காசு என்று விளக்கம் வந்தது. சம்பந்தர் பாடி வாசி தீரப் பெற்றார் என்று கதை முடிகிறது. ஞானப்பால் உண்டவரின் காசுக்கே கடைத்தெரு வட்டம் பிடித்தது என்று துணிந்து எழுதிய மரபு இது. அருளால் வந்த காசும் சந்தையில் உரசிப் பார்க்கப்படும், உழைப்பு கலந்த காசு முழு மதிப்போடு போகும் என்ற எண்ணம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. சான்றிதழும் நாளைக்குச் சந்தையில் உரசப்படும் பொருள்தான். நேர்முகத் தேர்வில் முதல் கேள்விக்கு வாய் திறந்த உடனே உரசல் தொடங்கிவிடும்.

கோவில்பத்துக்கு மிக நெருக்கமான கதை போதிமங்கை. திருத்தெளிச்சேரியை வணங்கிச் செல்லும் வழியில் சம்பந்தரின் கூட்டம் பௌத்தர்கள் வாழ்ந்த போதிமங்கையை அடைந்தது என்கிறது பெரிய புராணம். புத்தநந்தி என்பவர் வெற்றி முழக்கத்தைத் தடுத்தார். சம்பந்தரின் திருப்பதிகங்களை ஏட்டில் எழுதும் அடியாரான சம்பந்த சரணாலயர் பதிகம் ஒன்றை ஓத, இடி விழுந்து புத்தநந்தி மாண்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு சைவர் எழுதிய காவியம் இது; எதிர்த்தரப்பின் சாவை வெற்றியாகக் கொண்டாடும் இந்தப் பகுதியை இன்றைய வாசகர் கூச்சமின்றிப் படிக்க முடியாது, படிக்கவும் கூடாது. ஆனால் அடுத்து நடப்பதுதான் நம் கேள்விக்கு வேண்டியது. பௌத்தர்கள் சாரிபுத்தரைத் தலைவராகக் கொண்டு திரும்பி வந்து, மந்திரத்தால் வெல்வது வேண்டாம், சமயப் பொருளைப் பேசி வெல்லுங்கள் என்று கேட்கிறார்கள். சம்பந்தர் அதை ஒப்புக்கொள்கிறார். இடியே விழுந்த பிறகும் வாதம் முடிந்ததாகக் கருதவில்லை. சத்திர மண்டபத்தில் சரணாலயர் கேள்விக்குப் பதில், பதிலுக்குக் கேள்வி என்று முறையாக வாதிட்டே வெல்கிறார். அங்கே எழுந்த கேள்விகளில் ஒன்று, முத்தி அடைந்து உணர்வுக் கந்தங்கள் எல்லாம் ஒழிந்துபோன புத்தருக்கு நீங்கள் செய்யும் பூசையை ஏற்பவர் யார் என்பது. வேண்டுதலைக் கேட்பவர் யார் என்ற கேள்வியை அன்றே அங்கே போட்டு உடைத்திருக்கிறார்கள். அற்புதம் தேர்வுக்கு ஈடாகாது, கேட்ட கேள்விக்கு வாயால் விடை சொல்லியே ஆக வேண்டும் என்ற கோரிக்கையை எதிர்த்தரப்பின் வாயில் வைத்ததோடு, அது நியாயமானது என்று தன் நாயகனையே ஏற்கவும் வைத்திருக்கிறார் சேக்கிழார். மந்திரத்தால் மதிப்பெண் என்பதற்கு இதைவிடப் பழைய மறுப்பு இந்த மண்ணில் தேட வேண்டியதில்லை.

இனி, கேட்பவரே இல்லை என்று சொல்லும் நாத்திகருக்கு என்ன பதில்? அவர் சொல்வது உண்மையானாலும் இந்த வாதம் குலைவதில்லை. வேண்டுதலைக் கேட்க யாரும் இல்லாவிட்டால், அது மனிதர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது ஆகிறது. தமக்குள் தினமும் சொல்லிக்கொள்ளும் சொல் மனத்தைத் திருப்பும். எனக்கு மதிப்பெண் வரட்டும் என்று நாள்தோறும் சொல்பவர் மனம் முடிவையே சுற்றும். கேட்டதைப் புரிந்துகொள்ளும் தெளிவு வரட்டும் என்று சொல்பவர் மனம் காதைத் தீட்டப் போகும். எனவே எதைச் சொல்கிறோம் என்பது நாத்திகருக்கும் பொருட்படுத்த வேண்டிய கேள்வி. மறுபக்கத்தில் கீதை வழி வருபவர், பலனையே கேட்காதே, செயலைச் செய் என்பார். உயர்ந்த அறிவுரைதான். ஆனால் இந்த அரியர் முடியாவிட்டால் அடுத்த ஆண்டுக் கட்டணம் எங்கிருந்து வரும் என்று நிற்கும் குடும்பத்திடம் பலனை நினைக்காதே என்று சொல்லும் உரிமை, வயிறு நிறைந்தவருக்கு அவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடாது. பலனை விரும்பலாம். அந்தப் பலன் உண்மையானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை போதும்.

பக்தரின் மறுப்பு இவற்றைவிட உருக்கமானது. தாயிடம் குழந்தை கேட்கிறது, அதற்குச் சட்டம் போடுவதா, எதைக் கொடுக்க வேண்டும் என்று தாய்க்குத் தெரியாதா என்று கேட்பார். சட்டம் தாய்க்குப் போடவில்லை. பயத்தைச் சொல்லி அழுவதற்கு எந்தத் தடையும் கிடையாது; நாளை ஆங்கிலத் தாள், கை நடுங்குகிறது, தோற்றால் வீட்டில் முகம் காட்ட முடியாது என்று சன்னிதியில் சொல்வது வேண்டுதலின் மிக நேர்மையான வடிவம். தாய்க்குத் தெரியும் என்று உண்மையிலேயே நம்புபவர் 425 என்றும் 7 என்றும் எண்ணைக் குறித்துக் கொடுக்க மாட்டார். எண்ணைக் குறித்து, கொடுத்தால் மொட்டை, அபிஷேகம் என்று நேர்த்திக்கடனும் பேசும்போது தாய்-பிள்ளை உறவு அங்கே இல்லை. கடைக்காரரும் வாடிக்கையாளரும் இருக்கிறார்கள்.

அப்படியானால் கேட்கத் தகுந்தவை எவை? படித்தது தக்க நேரத்தில் நினைவுக்கு வர வேண்டும். தேர்வு நாளில் காய்ச்சல் வரக் கூடாது. பதற்றத்தில் தெரிந்த விடை மறந்துவிடக் கூடாது. திருத்துபவர் சோர்வில்லாமல் திருத்த வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலம் கேட்கவும் வாசிக்கவும் பிழையோடு பேசவும் வெட்கப்படாத மனம் வேண்டும். இவை அனைத்தும் சாட்சியம் உண்மையாக அமைய வேண்டும் என்ற ஒரே வேண்டுதலின் கிளைகள். இவற்றைப் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் சேர்த்துக் கேட்கலாம். நாளை நம்மை நம்பப்போகும் நோயாளியின் முன்னால் நின்று சத்தமாகவும் கேட்கலாம். தேர்வு வேண்டுதலுக்கு இந்த இரண்டு உரைகல் போதும்: போட்டியாளருக்கும் சேர்த்துக் கேட்க முடியுமா, மதிப்பெண்ணை நம்பப்போகிறவர் காதுபடக் கேட்க முடியுமா. தரவரிசை எண் முதல் உரைகல்லில் தோற்கும், தகுதிக்கு மேற்பட்ட மதிப்பெண் இரண்டாவதில் தோற்கும்.

மாணவரை மட்டும் உண்மைக்குக் கட்டுப்படுத்திவிட்டுத் தேர்வை விட்டுவிட்டால் இந்த வாதம் பாதியில் நிற்கும். சாட்சியம் உண்மையாக வேண்டுமானால் கேள்வியும் உண்மையாக இருக்க வேண்டும். மொழியை அளக்க வைத்த தாள், யார் வீட்டில் பயிற்சி மையத்துக்குப் பணம் இருந்தது என்பதை அளந்துகொண்டிருந்தால் பொய்ச்சாட்சி சொல்வது அந்தத் தாள்தான். புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் அண்மையில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சிபிஎஸ்இ-க்கு மாறின. தமிழ்வழியில் தொடங்கிய பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தில் பாதிக்காவது பொறுப்பு பாடத்திட்டத்தை மாற்றியவர்களுக்கு உண்டு. ஆங்கிலம் பேசவே தேவைப்படாத வேலைக்கு ஆங்கிலச் சான்றிதழ் கேட்பதும் அநியாயம். சீனாவில் 2005 சீர்திருத்தத்தில் தேர்ச்சி, தோல்வி என்ற முத்திரையை எடுத்துவிட்டு மதிப்பெண் அறிக்கை மட்டும் தரத் தொடங்கினார்கள்; பட்டத்தோடு இதை முடிச்சுப் போட வேண்டாம் என்ற பேச்சும் எழுந்தது. வேலை கொடுப்பவர்கள் இன்னும் அந்தத் தாளைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த அநியாயங்களைத் தீர்க்கக் கோயிலில் விண்ணப்பம் போட வேண்டியதில்லை. கல்லூரியிடம், பல்கலைக்கழகத்திடம், அரசிடம் போட வேண்டியவை அவை. தெய்வத்திடம் மதிப்பெண் கேட்டுப் பழகிய சமூகம் அரசிடம் நல்ல ஆங்கில ஆசிரியரைக் கேட்க மறந்துவிடுகிறது என்பதுதான் இந்தப் பழக்கத்தின் பெரிய கேடு.

ஆகவே தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இது. கோயிலுக்குப் போக விருப்பமிருந்தால் போங்கள். பேனாவைத் தட்டில் வைப்பதில் குற்றம் எதுவும் இல்லை. நேர்த்திக்கடனில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். தெளிவைக் கேளுங்கள், உங்கள் வகுப்பு முழுவதற்கும் சேர்த்துக் கேளுங்கள், கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அன்றைய பாடத்தைப் படியுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளைக்காகச் செய்யும் அர்ச்சனையோடு, அவர்கள் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா என்று ஒரு முறை விசாரித்து, காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லி மனு ஒன்றும் கொடுத்துவிட்டு வாருங்கள்.